ஆறாவது கப்

அன்புள்ள சீமாட்டிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் போடாததற்குக் கண் அறுவை சிகிச்சை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அது முடிந்தே இரண்டு மாதம் ஆகிவிட்டதால் இனி அது செல்லாது. வலது கண் நன்றாகத் தெரிகிறது. எதிர்வீட்டுத் தையல்காரர், தான் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் ரொட்டி வாங்கி வருகிறார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. நீ இருந்தபோது சொட்டிய அதே குழாய்தான்.

என் வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்கள். கேட்ட கேள்விக்கு விடை எழுதமாட்டார்கள். தெரிந்த வேறொன்றை அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டுவைப்பார்கள். நான் மதிப்பெண் கொடுத்ததே இல்லை. மேலே எழுதியிருப்பது அந்த ரகம். நீ கேட்டது ஒரே கேள்வி. “நான் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா, அத்தை?” என்று கேட்டிருந்தாய்.

அதற்கு வருவதற்கு முன் டீ செட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமாகி வந்தபோது நகையைவிடப் பத்திரமாக நீ மடியில் வைத்துக்கொண்டு வந்த பெட்டி அது. அடியில் பச்சை எழுத்தில் ஏதோ பிரெஞ்சு ஊரின் பெயர், ஊதாப் பூ, விளிம்பில் நூல் போலத் தங்கக் கோடு. சனிக்கிழமை நான்கு மணிக்கு நாம் இருவரும் டிவியில் அந்தக் காலத்துச் சீமை மாளிகைத் தொடர் பார்க்க உட்கார்வோம். திரையில் யாராவது டீ ஊற்றினால்தான் நாமும் ஊற்றலாம் என்பது நீ போட்ட சட்டம். சில வாரம் அவர்கள் குதிரையிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், நம் டீ ஆறிப்போகும். நான் சரித்திர வாத்தியார் புத்தியோடு, அந்த வருஷத்தில் அந்தமாதிரி விளக்கே கிடையாது என்பேன். என் பிள்ளை வாசலில் நின்று, “ரெண்டு சீமாட்டிங்களும் எழுந்தா எனக்கு ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா?” என்பான். பிறகு அவனும் வந்து உட்கார்ந்துகொள்வான். கைப்பிடி உடைந்து ஒட்டிய கப் அவனுடையது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பீங்கானுக்குப் பின்னால் தன் விரல்கள் நிழலாகத் தெரிவதைச் சின்னப் பிள்ளை மாதிரி காட்டுவான்.

அவன் விபத்தில் போனதிலிருந்து வீடு முழுக்க ஆட்கள். டம்ளர் போதவில்லை. நான்தான் அந்தக் கப்புகளை எடுத்துக் கொடுத்தேன். கை சும்மா இருக்க முடியாமல், கம்பி நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவியதும் நான்தான். தங்கக் கோடு முழுக்கப் போய்விட்டது. மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த நீ, அவன் கப்பைக் கையில் எடுத்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கதறினாய். எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: “புருஷன் போயிட்டான், இவ கப்புக்கு அழறா.”

அதன்பின் ஒரு வருடம் என்னோடு இருந்தும் நீ அதைப் பேசவில்லை. வேலை கிடைத்து ஊர் மாறியபோது பெட்டியை எடுக்காமலே போனாய். கப்புக்காக நீ அழவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். எனக்கு அழ வராதபோது உனக்கு வந்துவிட்டது. அதைப் பொறுக்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

நாம் பாதியில் விட்ட தொடர் ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலோரம் உட்கார்ந்தே இருக்கும் அந்த விதவை, கப்பல் வைத்தியரோடு போவாளா மாட்டாளா என்று நமக்குள் சண்டை. போகக் கூடாது என்றேன் நான். போகட்டும் என்றாய் நீ. அவன் உன் பக்கம் சேர்ந்துகொண்டு சொன்னது இந்த மூன்று மாதமும் என் காதிலேயே இருக்கிறது. “போகட்டும்மா. எத்தனை நாள்தான் பாவம் ஜன்னலையே பாத்துட்டிருப்பா?”

போன சனிக்கிழமை கடைசிப் பகுதியைத் தனியாகப் பார்த்தேன். அவள் போய்விடுகிறாள். வண்டி மறைந்த பிறகு அந்தக் காலி நாற்காலியை வெகுநேரம் காட்டுகிறார்கள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

உன் கேள்விக்கு விடை: வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் நீ போ.

டீ செட்டை இதோடு அனுப்புகிறேன். பழைய விடைத்தாள்களில் சுற்றியிருக்கிறேன். பிரித்துப் படித்தால் சிரிப்பாய். ஐந்து கப்தான் இருக்கும். வழியில் உடைந்துவிட்டதோ என்று தேடாதே. கைப்பிடி ஒட்டிய ஆறாவது என்னிடம் இருக்கிறது. வரப்போகிறவருக்கு நீயே ஒன்று வாங்கிக்கொடு. செட்டோடு சேராவிட்டாலும் பரவாயில்லை.

நல்லபடியாக வாழு, மகளே. புது வீட்டிலும் ஒருவரை அத்தை என்று கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிடு. எனக்கும் அந்தப் பேரை விட்டுவை.

உன்
அத்தை