ராகுகாலத்துக்கு முன் வைத்த கையெழுத்து

அன்பு அக்கா,

ஆர்ஜொந்தெய் ஊரில் இருந்த உங்கள் வீட்டை வங்கி ஏலத்தில் விற்றபிறகு, நேற்றுத்தான் உங்களை பாரிஸ் லா சப்பல் கடைத்தெருவில் கண்டேன். "நல்ல நேரத்திலைதானே தம்பி கையெழுத்து வைச்சனாங்கள், என்ன குறையோ தெரியேல்லை" என்றீர்கள். எனக்குத் தேநீரும் வாங்கித் தந்தீர்கள்.

கடன் பத்திரத்தை உங்களுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவன் நான். கடைசிப் பக்கம் வந்ததும், "ராகுகாலம் தொடங்கப்போகுது, கெதியா வையுங்கோ" என்று அவசரப்படுத்தினேன். இரண்டு வருடத்தில் வட்டி ஏறும் என்று அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வாசித்திருந்தால் நீங்கள் எழும்பிப் போயிருப்பீர்கள். என் தரகும் போயிருக்கும்.

பாரிஸ் நேரத்துக்குக் கணித்த கலண்டர் என் கையில்தான் இருந்தது, அக்கா. நீங்கள் கையெழுத்து வைத்தது காலை பத்து மணிக்கு. அன்று ராகுகாலம் பின்னேரம்தான்.

நேரத்தில் ஒரு குறையும் இல்லை.

நேற்று உங்கள் காசில் தேநீர் குடித்த,
தம்பி