போக இரண்டு டிக்கெட், வர மூன்று

17 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று பள்ளி திறப்பு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் போட்ட அழுகையில் நான் சமைக்கும் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் பாதி மிஞ்சிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் சத்தியசீலன் போன் செய்தார். புவனேசனை நம்மிடம் ஒப்படைக்க ஆஸ்திரேலியா சம்மதித்துவிட்டதாம்.

சோப்புக் கையோடு அப்படியே நின்றேன். ஐந்தரை வருஷம். என் தம்பி ஜீவனை ஹெல்மெட்டால் மண்டையில் அடித்தவன். ஜீவன் ஆஸ்பத்திரியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே விமானம் ஏறிப் பெர்த்துக்கு ஓடியவன். எஸ்டேட்டில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்த இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிளுக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவனை எரித்தோம். இன்னொருவன் அங்கே பழத்தோட்டத்தில் ஒளிந்து வேலை செய்திருக்கிறான்.

அவ்வளவு பெரிய நாட்டில், பழம் பறிக்கிற கூட்டத்தில், எங்கள் எஸ்டேட்டுப் பையன் ஒருவனை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

ஆனால் ஒன்று சொன்னார். குறித்த நாளுக்குள் நம் போலீஸ் நேரில் போய் அழைத்து வர வேண்டும். தவறினால் அவன் விடுதலை கேட்கலாமாம். "செலவுக்கு அப்ரூவல் இன்னும் வரலக்கா. வந்துடும்" என்றார்.

20 பிப்ரவரி

வரவில்லை. வராமலே போய்விட்டால்? அவன் அங்கேயே வெளியே வந்து திரும்பவும் பழம் பறிக்கப் போய்விடுவானா?

23 பிப்ரவரி, ஞாயிறு

என் வாய் சும்மா இருக்காது. கோயிலில் தலைவர் நல்லசாமி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். 'செலவுக்கு வரவில்லை' என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. போலீசிடம் டிக்கெட் வாங்கக் காசில்லை என்று முடிவே செய்துவிட்டார். எங்கள் எஸ்டேட்டில் சாவு என்றாலும், கிட்னி ஆபரேஷன் என்றாலும், பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பது என்றாலும் வசூலுக்கு மைலோ டின்தான் வெளியே வரும். இன்றும் வந்தது. நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் டின் நிறைந்துவிட்டது. கடையில் பாக்கி வைத்திருப்பவர்கள்கூடப் போட்டிருக்கிறார்கள். அடியில் டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு ஜோடித் தங்கத் தோடு. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

3 மார்ச், திங்கள்

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது உயிரே போய்விட்டது.

நானும் நல்லசாமி அண்ணனும் டின்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். மேசைமேல் வைத்து மூடியைத் திறந்ததும் சத்தியசீலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

"அக்கா, மொதல்ல மூடுங்க. இத நான் தொட்டா என் வேல போயிடும். குடுத்ததுக்கு நீங்களும் உள்ள போவணும்."

"லஞ்சம் இல்ல சார், டிக்கெட்டு காசுதான்லா" என்றார் நல்லசாமி அண்ணன்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்து விளக்கினார். ஓடியவனைக் கொண்டுவருவது அரசாங்கத்தின் வேலை, அந்தச் செலவும் அரசாங்கத்துடையது. முன்பணம் வந்தால் அதில் போவார்கள். வராவிட்டால் தங்கள் கைக்காசில் போய்விட்டு வந்து கிளேம் போடுவார்கள். புத்ராஜெயா தலைமை அலுவலகத்தில் ஒருவர் ரசீதையெல்லாம் பார்த்துப் பணத்தைத் திருப்பித் தருவார்.

"அவருக்கு ஜீவன தெரியுமா?" என்று அசடு மாதிரி கேட்டேன்.

"தெரிய வேணாங்க்கா" என்றார்.

எத்தனை டிக்கெட் என்று நல்லசாமி அண்ணன் கேட்டார். "போக ரெண்டு, வர மூணு."

திரும்பும் வழியில் புக்கிட் ரோத்தான் வரும்வரை எனக்குக் கோபம்தான். ஜீவன் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. அவனைக் கொன்றவனுக்கு அரசாங்கமே சீட்டு வாங்கித் தருகிறது. ஆனால் ஈஜோக்கைத் தாண்டும்போது வேறு மாதிரி தோன்றியது. எஸ்டேட்டில் எண்ணெய்க்குச் செம்பனைக்குலை வெட்டிய ஒரு பையன் செத்ததற்குப் பதில் கேட்க, அவன் முகத்தையே பார்க்காத ஒருவர் எங்கோ உட்கார்ந்து பணம் ஒதுக்குகிறார். ஜீவன் அவ்வளவு பெரிய ஆளா? ஆமாம், பெரிய ஆள்தான் போலிருக்கிறது. காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். நல்லசாமி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

9 மார்ச், ஞாயிறு

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தோட்டை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை.

கோயில் குழாயடியில் கண்மணி அக்கா கால் கழுவிக்கொண்டிருந்தார். புவனேசனின் அம்மா. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்தால் நான் வேறு வழியாகப் போவேன். இன்று பார்த்துவிட்டேன். காது ஓட்டை இரண்டிலும் விளக்குமாற்று ஈர்க்கு.

பையில் இருந்த டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினேன்.

"ஒன் தம்பிக்காக போடல திலகா. கோயில்ல நின்னுகிட்டு பொய் சொல்லமாட்டேன்" என்றார். "எம் புள்ள மொகத்த பாக்கணும். வெலங்கு போட்டு கொண்டாந்தாலும் பரவால்ல."

"தூக்குல போட்டா?" வேண்டுமென்றேதான் கேட்டேன். வலிக்கட்டும் என்று.

"போடமாட்டோம்னு நம்ம ஆளுங்ககிட்ட எழுதி வாங்கிகிட்டுதான் அந்த நாட்டுக்காரங்க அவன வுடுவாங்களாம். கேட்டுட்டேன்." குழாயை மூடிவிட்டு, "செஞ்சத ஒத்துக்கடான்னு சொல்லுவேன்" என்றார்.

சொந்த மகனைக் கோர்ட்டில் நிறுத்த, காதில் இருந்ததைக் கழற்றிப் போட்டிருக்கிறார். நானாக இருந்தால் செய்வேனா? செய்யமாட்டேன். மகன் அங்கேயே ஒளிந்து நன்றாக இருக்கட்டும் என்று விளக்கேற்றியிருப்பேன். இவர் எப்படிப்பட்ட மனுஷி!

18 மார்ச்

போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாம், பணம்தான் இன்னும் வரவில்லையாம். நாள் நெருங்குகிறது என்று சத்தியசீலன் தன் கார்டிலேயே டிக்கெட் எடுத்துவிட்டார். கிளேம் கிடைக்காவிட்டால் மனைவி விமலா வீட்டுக்குள் விடமாட்டாள் என்று சிரிக்கிறார். இப்படியும் மனிதர்கள்.

25 மார்ச்

போய்விட்டார்கள். இரண்டு பேர்.

28 மார்ச், வெள்ளி

வந்துவிட்டார்கள். மூன்று பேர்.

விமான நிலையத்தில் இறங்கியதும் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, கிடைக்குமா என்று புவனேசன் கேட்டானாம். சத்தியசீலன் வாங்கிக் கொடுத்தாராம். கேட்டதும் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசிக்கும்தானே.

14 ஆகஸ்ட், வியாழன்

ஷா ஆலம் நீதிமன்றம். புவனேசன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். ஆள் பாதியாகிவிட்டான். உள்ளே கொண்டுவந்தபோது அம்மாவைத் தேடுவான் என்று நினைத்தேன். முதலில் என்னைத்தான் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். ஆறு வருஷமாக அவனைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்வரிசையில் கண்மணி அக்கா, காதில் தோட்டோடு, சத்தம் இல்லாமல் அழுதார்.

பத்து வருஷம்.

வெளியே சத்தியசீலன் கிளேம் வந்துவிட்டது என்றார். நாசி லெமாக்குக்கு மட்டும் ரசீது இல்லை என்று புத்ராஜெயாக்காரர் வெட்டிவிட்டாராம். நான் பர்ஸைத் திறந்து அஞ்சு வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்தேன். மனிதர் மறுபடியும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கோர்ட் வாசலில் நின்று சிரித்துவிட்டேன். கண்மணி அக்காவும்தான்.

22 டிசம்பர், திங்கள்

பள்ளி விடுமுறை. சுங்கை பூலோ சிறைக்குப் போக கண்மணி அக்கா பஸ் மாறி மாறி அலைகிறார் என்று கேள்விப்பட்டேன். விடியற்காலையிலேயே அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவர் பையோடு வந்து ஏறிக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. அதற்கு இன்னும் நாளாகும். காரிலேயே இருந்தேன். அக்கா திரும்பி வந்ததும் கிளம்பினோம். ஈஜோக் அருகே, சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்றார். ஓரமாக நிறுத்திச் சரிசெய்து விட்டேன்.

போகும்போது காரில் இரண்டு பேர். வரும்போதும் இரண்டு பேர்தான்.