நாலு மணி நேரத் தூரத்தில்

ஒரத்தநாடு,
3-9-1973

அன்புள்ள மாமாவுக்கு,

வேம்பு எழுதுவது. நானும் நம் மகள் செவ்வந்தியும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள். போன கடிதம் முழுக்க ஏரோப்பிளேனைப் பற்றித்தான் இருந்தது.

நாம் குத்தகைக்குப் பயிர் செய்யும் வயலை நிலத்துக்காரர் துரைராசு திரும்பக் கேட்கிறார். "மருதையன் சிங்கப்பூர் போயி ஏழு வருசமாச்சு, அவன் பேர்ல எதுக்குக் குத்தகைப் பதிவு?" என்று மனுக் கொடுத்துவிட்டார். நவம்பர் 12-ஆம் தேதி தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிக்கிறாராம். நீங்கள் நேரில் நிற்காவிட்டால் வயல் கைவிட்டுப் போய்விடும் என்கிறார்கள். அதை விட்டால் எங்களுக்கு வேறு சோறு கிடையாது. அடுத்த கப்பலில் ஏறுங்கள்.

இப்படிக்கு,
வேம்பு


சிங்கப்பூர்,
19-9-1973

அன்பு வேம்புவுக்கு,

கடிதம் கிடைத்தது. பயப்படாதே. கப்பல் என்றால் ஏழு நாள், வாந்தி வேறு. விமானத்தில் மெட்ராஸ் ஆயிரத்தெண்ணூறு மைல், நாலே மணி நேரம். அதற்குப் பெட்டி ஏற்றுகிறவனே நான்தான், எனக்குத் தெரியாதா? காலையில் இங்கே பசியாறிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு மெட்ராஸ். எங்கள் மேஸ்திரி கலந்தர் அண்ணன் சலுகை டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் தெருவில் எவன் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறான்? அன்றைக்குத் துரைராசு முகத்தைப் பார்.

உன்,
மருதையன்


ஒரத்தநாடு,
6-10-1973

மாமாவுக்கு,

நாலு மணி நேரம், நாலு மணி நேரம் என்று செவ்வந்தி படிக்கப் படிக்க எனக்குக் காது புளித்துவிட்டது. மெட்ராஸில் ரயில் ஏறித் தஞ்சாவூர் வர ஒரு ராத்திரி, அப்புறம் பஸ்ஸில் ஒரு மணி நேரம், இறங்கிச் சேற்றில் அரை மணி நேரம். இதையெல்லாம் யார் நடப்பது? ஊரார் பெட்டியெல்லாம் நாலு மணி நேரத்தில் வந்து சேருகிறது. ஏற்றிவிடுகிற ஆளைத்தான் ஏழு வருசமாகக் காணோம்.

பவுசு ஒன்றும் வேண்டாம். வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாலும் சரி, கப்பலில் வாங்க. 12-ஆம் தேதி வரப்பில் நின்றால் போதும்.

வேம்பு


சிங்கப்பூர்,
25-10-1973

அன்பு வேம்புவுக்கு,

இந்த மாசக் கப்பல் நேற்றுப் புறப்பட்டது. நான் ஏறவில்லை. நாலு மணி நேரத்தில் வருகிறவன் எதற்கு ஏழு நாள் கடலில் கிடக்க வேண்டும்? டிக்கெட் அடுத்த வாரம் நிச்சயம் என்கிறார் அண்ணன். 10-ஆம் தேதி ஏறினால்கூடப் போதும். மேலே சத்தம் கேட்டால் அப்பா வருகிறேன் என்று செவ்வந்தியிடம் சொல்.

மருதையன்


ஒரத்தநாடு,
14-11-1973

மாமாவுக்கு,

10-ஆம் தேதியிலிருந்து செவ்வந்தி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊருக்கு மேல் காக்காய்தான் பறந்தது.

தாசில்தார் வந்தபோது களை பறித்துக்கொண்டிருந்தேன். சேற்றுக் காலோடு வரப்பில் ஏறினேன்.

"உன் புருசன் எங்கம்மா?"

"நாலு மணி நேரத் தூரத்துலங்க."

"அவ்வளவு கிட்ட இருக்கிறவரை வரச் சொல்றதுதானே?"

துரைராசு சிரித்தார். இந்த வயல் தனக்கு அத்துப்படி என்றார்.

பிறகு தாசில்தார் அவரைப் பார்த்து, "மழைத்தண்ணி தேங்கினா எங்க மடை வெட்டுவீங்க?" என்று கேட்டார். அவர் கிழக்கே கையை நீட்டினார். நான் மேற்கு மூலைக்குப் போய் மண்வெட்டியால் வெட்டிவிட்டேன். தண்ணீர் வடிந்தது. பக்கத்து வயல் அமிர்தலிங்கம் அண்ணன், "ஏழு வருசமா இந்தப் பொண்ணுதாங்க பாடுபடுது" என்றார்.

வயல் போகவில்லை. உங்கள் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதினார். நானும் தடுக்கவில்லை.

இனிமேல் உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. கப்பலிலேயே வாங்க. என்னிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று யோசிக்க ஏழு நாளாவது வேண்டுமே.

வேம்பு