அம்மா வேண்டாமுங்க என்றால்

என்றைக்கும் என் செல்ல அப்பாவுக்கு,

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஐயோ, பதறாதீர்கள். உங்களிடம் இல்லை, டொராண்டோவுக்கு. சின்னவள் கவிதா வீட்டுக்கு. அதுவும் தன்னந்தனியாக.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கவிதாவுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு நீங்களும் அம்மாவும் சேர்ந்து போனீர்கள். இந்தத் தடவை எனக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. எழுபத்திரண்டு வயது, வலது முட்டியில் தேய்மானம், தெரிந்த பாஷை தமிழ் ஒன்றுதான். எப்படி அனுப்புவது? ஆனால் என் பயம் முட்டியும் இல்லை, பாஷையும் இல்லை. அம்மாவின் "வேண்டாமுங்க" தான்.

உங்களுக்குத் தெரியாததா? கருமத்தம்பட்டியில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டால் முதல் தடவை "வேண்டாமுங்க". இரண்டாம் தடவை "எதுக்குங்க சிரமம்". மூன்றாம் தடவைதான் "சரி, அரை டம்ளர் குடுங்க". கேட்கிறவர்களுக்கும் இது தெரியும், அதனால் மூன்று தடவை கேட்பார்கள். விமானத்தில் யார் கேட்பார்கள்? போன தடவை நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "ஷீ வில் சே நோ. யூ ஆஸ்க் அகெய்ன்" என்று தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னீர்களாம். நாலு வரிசை திரும்பிப் பார்த்ததாம்.

காந்திபுரத்தில் உங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த அதே ஷாஜகான் பாயிடம்தான் போனேன். கவிதாவின் வீட்டுக்காரர் இணையத்தில் தேடி அனுப்பிய டிக்கெட்டைக் காட்டினேன். மூன்று இடத்தில் மாற வேண்டும். ஓரிடத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான் இடைவெளி.

"ஏனுங்க அம்மணி, அந்த முட்டிய வெச்சுக்கிட்டு அம்மா ஓடுவாங்களா? கொச்சியில ஏத்துங்க. துபாய்ல ஒரே மாத்தம், நாலு மணி நேரம் உக்காந்து இளைப்பாறட்டும். எல்லாம் ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டி நேரா டொராண்டோ போயிரும். நடுவுல எடுத்துத் தூக்க வேண்டியதில்லீங்க" என்றார்.

மூன்று ஊரிலும் சக்கர நாற்காலி. காலை நீட்ட நடைபாதை ஓர சீட்டு. கழிவறைக்குப் பக்கம், ஆனால் அதை ஒட்டி வேண்டாம், கதவுச் சத்தத்தில் தூக்கம் வராது. சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தோம். மாத்திரையெல்லாம் கைப்பைக்குள். பொண்ணு பார்க்கப் போகிற வீட்டைக்கூட நாம் இவ்வளவு விசாரித்ததில்லை.

அப்புறம்தான் கூத்து. பாய் கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சென்னைக்காரி, எல்லாம் சரியா என்று உறுதி செய்ய அம்மாவுக்கே போன் போட்டிருக்கிறாள். "வீல்சேர் வேணுமா மேடம்?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா என்ன சொல்லியிருப்பாள்? "எதுக்கு கண்ணு சிரமம், வேண்டாமுங்க." அந்தப் பெண் நல்ல பிள்ளையாக மூன்று ஊருக்கும் ரத்து செய்துவிட்டாள்!

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தற்செயலாக டிக்கெட்டைப் பார்த்தேன், சக்கர நாற்காலியே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவிடம் கத்தோ கத்தென்று கத்தினேன். அவளோ பச்சைப் பிள்ளை மாதிரி முழிக்கிறாள்.

"அந்தப் புள்ள இன்னொருக்கா கேக்கவே இல்லியே, கண்ணு!"

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மூருப் புள்ளையா இருந்தா மூணு தடவ கேட்டிருக்குமுங்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடி போட்டுக் கொடுத்தார். நான் சும்மா விடுவேனா? "நான் வேண்டாம் என்று சொன்னால் தயவுசெய்து இன்னும் இரண்டு தடவை கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் சொருகினேன். "என்னையப் பைத்தியம்னு நெனைக்கட்டும்னா?" என்று அம்மா முறைத்தாள்.

கொச்சியில் அவளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினேன். பாலக்காடு வரும்வரை அழுதேன். பசியோடு உட்கார்ந்திருப்பாளோ, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாளோ? நாம்தானே அவளை இப்படியே இருக்கவிட்டோம் என்று தோன்றியது. கவிதாவின் போனில் அம்மா பேசும்வரை எனக்கும் சோறு இறங்கவில்லை.

"நல்லபடியா வந்து சேந்துட்டேன், கண்ணு. அட்டையெல்லாம் காட்டல. மொதல்ல டீ வேணுமான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு, வேண்டாமுங்கன்னேன். வண்டி போயே போச்சு!"

"அப்புறம்?"

"அப்பறம் என்ன? அடுத்த வாட்டி வந்தப்ப வேணும்னு சொல்லிப்போட்டேன்."

"இங்கிலீஷ்லயா?"

"தமிழ்லதான். வேணும்னேன், குடுத்துப்போட்டாங்க. ரெண்டு டீ குடிச்சேன்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது அவள் மெதுவாக, "திரும்பி வரையில எனக்கு ஜன்னலோரம் போட்டுக் குடு" என்றாள்.

முட்டி என்ன ஆவது, ராத்திரி எழுந்து போக எத்தனை பேரைத் தாண்டுவாய் என்று நான் ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"போன தடவ உங்கப்பாதான் ஜன்னலோரம். 'நீ உக்கார்றியா அம்மணி?'ன்னு கேட்டாரு. வேண்டாமுங்கன்னேன்."

"சரி?"

"சரி என்ன, அவரே உக்காந்துபோட்டாரு. ஜன்னலச் சாத்திப்போட்டு டொராண்டோ வரைக்கும் தூங்கினாரு."

அப்பா! ஊருக்கெல்லாம் மூன்று தடவை கேள் என்று சொன்ன நீங்கள், அவளை ஒரே ஒரு தடவைதான் கேட்டீர்களா? நீங்கள் போன பிறகு முதல் தடவையாக உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இருந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அப்புறம் யோசித்தால், நான் மட்டும் என்ன கிழித்தேன்? முட்டியைக் கேட்டேன், கழிவறையைக் கேட்டேன், கைப்பையைக் கேட்டேன். உனக்கு எந்தப் பக்கம் உட்கார ஆசை என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே.

நேற்று பாயிடம் போனேன். விமானத்தின் வால் பக்கம் சில வரிசையில் இரண்டே சீட்டு இருக்குமாம். ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் ஒருவரைத்தான் தாண்ட வேண்டும். போட்டாயிற்று. நீங்கள் இல்லாத இந்த இரண்டு வருடத்தில் அம்மா தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

ஒன்று சொல்கிறேன், சத்தியமாக. இனி அவளிடம் எதையும் மூன்று தடவை கேட்பேன். அவள் திரும்பி வந்ததும், அந்த ஜன்னலில் என்னென்ன பார்த்தாள் என்பதையும் ஒன்று விடாமல் கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அந்த வழியாகப் போயும் நீங்கள்தான் ஒன்றும் பார்க்கவில்லையே.

கோபம் பாதி, பாசம் முழுக்க,
உங்கள் மூத்த மகள்