தவத்துக்காக நான் சொன்ன பதில்கள்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
ஒக்டோபர் 12, ஞாயிறு

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகன் மதுஷனும் வெலிங்டனில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நாளும் பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். எனக்கு இரண்டு கண்ணிலும் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறேன். அம்மா பருத்தித்துறை வடை சுட்டுப் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், உங்கள் நாட்டுச் சுங்கத்தில் அதையும் பிரித்துப் பார்ப்பார்களாமே, அதற்கும் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் வாட்ஸப்பில் சொல்லலாமே என்று நினைப்பாய். நாங்கள் இரண்டு பேரும் ஃபோனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடும், ஒன்று நீ வைப்பாய், இல்லாவிட்டால் நான் வைப்பேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாதுதானே. அதனால் முழுதும் வாசி பிள்ளை.

போன மாதம் சர்வசன வாக்கெடுப்புக்கான வோட்டுக் கவர் வந்தது. நீ இங்கே இருந்த காலத்தில் வருடத்துக்கு நான்கு தரம் அந்தக் கவரால் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கம் அனுப்பும் சின்னப் புத்தகத்தில் என்ன சிபாரிசு என்று பார்த்து நான் அப்படியே எழுதுவேன், நீ அதற்கு நேர்மாறாக எழுதுவாய். அரசு எங்களுக்குத் தாயாக இருக்கத் தேவையில்லை, எனக்கு ஏற்கனவே ஒரு தாய் இருக்கிறாள், அவளே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்க்கிறாள் என்று சொல்லி அம்மாவையும் சிரிக்கவைப்பாய். எனக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை போத்தல் போடாதே, உடுப்புத் தோய்க்கும் அறைக்கு உன் முறை வந்தால் மட்டும் போ, குப்பையை இந்தப் பையில்தான் கட்டு என்று இந்த நாடு சொல்லும்போதெல்லாம் உனக்கு மூச்சு முட்டியது. எனக்கு அது வேறு மாதிரி இருந்தது மகள். நான் விட்டுவந்த அரசாங்கம் என் தலைக்கு மேலே குண்டு போட்டது. இங்கே வந்தால் ஒரு அரசாங்கம் நான் பச்சைப் போத்தலையும் வெள்ளைப் போத்தலையும் பிரித்துப் போட்டேனா என்று கவலைப்படுகிறது. எங்களில் அக்கறை இருக்கிறபடியால்தான் இவ்வளவும் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்தாறு வருடம் அப்படியே நினைத்துவிட்டேன்.

தவம் மாமாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவர் ஹைமில், அதுதான் வயோதிபர் இல்லத்தில் இருக்கிறார் என்று மட்டும் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். எப்படிப் போனார் என்று அவளுக்கும் அண்மைக்காலம்வரை முழுதாகத் தெரியாது. சுமித்ரா மாமி செத்துப்போன பிறகு மூன்று வருடம் அவர் அந்த இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். சமைத்தார், பத்தாம் நம்பர் பஸ்சில் ஏறிக் கோயிலுக்குப் போனார், வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு பெட்டியில் கறி கொண்டுவந்து தந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கரைச்சல்தான். கடிதம். காப்புறுதிக் கடிதம், வரிக் கடிதம், வீட்டுக்காரர் கடிதம் எல்லாவற்றையும் மாமிதான் பார்ப்பாள், அவள் போனதும் அவற்றை என்னிடம் கொண்டுவந்தார். நானும் வாசித்துச் சொன்னேன். பிறகு என் கண் மங்கியது. கண் மட்டும்தான் காரணம் என்று எல்லோருக்கும் சொன்னேன், உனக்கும் அப்படித்தான் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்கு அலுத்துப்போய்விட்டது மகள். மாதத்தில் ஒரு பின்னேரம்தான், அதுகூட எனக்குப் பாரமாகத் தெரிந்தது. இதற்கென்று அரசாங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களே, நாங்கள் ஏன் தலையைக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன்.

போன வருடம் நவம்பரில், தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்குத் தவத்துக்காக எழுதப் போகிறேன் என்றதும் நீ ஃபோனில் சொன்னதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. "கடிதம் வாசிக்க ஒரு ஆள்தானே அப்பா வேணும், நான் இங்கையிருந்து வீடியோவில வாசிக்கிறன். அங்கை போகாதேங்கோ. அவையள் உதவியை மட்டும் தரமாட்டினம், அவருக்காக யோசிக்கவும் துவங்கிடுவினம்" என்றாய். நான் உனக்குப் படிப்புத் தந்த நாட்டைப் பழிக்கிறாய் என்று கத்தினேன், நன்றி கெட்டவள் என்றும் சொன்னேன். அன்றைக்கு நின்றதுதான் உன் ஃபோன். பதினொரு மாதம் அம்மாவிடம் மட்டும் கதைக்கிறாய், நான் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனிச் சொல்லப்போவதை அம்மாவிடமும் இந்தக் கோடையில்தான் சொன்னேன். அந்த அலுவலகத்தில் உத்தியோகத்தர் பெண்மணி ஒருவர் எங்களை இருத்தி, கோப்பி தந்து, தவத்திடம் கேள்வி கேட்டா. தவத்துக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, அரைகுறை, நான்தான் மொழிபெயர்த்தேன். அடுப்பில் எதையாவது மறந்துவிடுவீர்களா என்று கேட்டா. ஒருக்கால் பருப்புக் கருகினது, வேறை ஒண்டும் இல்லை என்றார் தவம். கிழமையில் இரண்டு மூன்று தரம் அடுப்பை நிறுத்த மறந்துவிடுகிறார் என்று நான் சொன்னேன். இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டா. வெள்ளி, அதாலைதான் நான் இன்னும் சாப்பிடேல்லை என்று அவர் சிரித்தார். சிலவேளை நாள் தெரியாது, சாப்பிடாமலும் இருந்துவிடுகிறார் என்று நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன்னைப் போல் இங்கே பிறந்தவர்களுக்கு விளங்காது, ஆனால் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் விளங்கும். எண்பத்தொன்பதில் என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டபோது, உள்ளதை உள்ளபடி சொன்னால் உனக்கு ஒண்டும் தரமாட்டாங்கள், கூட்டிச் சொல்லு என்று சொல்லித்தான் எங்கள் ஆட்கள் அனுப்பினார்கள். நான் கூட்டிச் சொன்னேன், எனக்கு அனுமதி கிடைத்தது. தவம் தனக்கு நடந்ததை மட்டும், நடந்த அளவுக்குச் சொன்னார், அவரை இரண்டு தரம் நிராகரித்த பிறகுதான் இருக்க விட்டார்கள். அன்றையிலிருந்து ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உத்தியோகத்தர் இருந்தாலே என் வாய் தானாக ஒன்றைப் பத்தாக்கிவிடும். பத்துக் கேட்டால் ஒன்று தருவார்கள் என்பது எங்கள் கணக்கு. வெளியே வந்ததும் தவம் என் கையைப் பிடித்து, "அண்ணை, கொஞ்சம் கூடச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டார். கூடச் சொன்னால்தானே கொஞ்சமாவது தருவாங்கள் என்று முதுகில் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் பத்தையும் தந்துவிட்டார்கள் பிள்ளை. நான் சொன்னதை எல்லாம் எழுதி, அதை ஒரு டொக்டருக்கு அனுப்பி, அவரும் அதை நம்பி, தவத்துக்கு ஒரு பைஸ்டாண்டை நியமித்தார்கள். அவருக்காகக் கையெழுத்து வைக்கும் பொறுப்பாளர் என்று அர்த்தம். பெப்ரவரியில் அடுப்புள்ள வீட்டில் இவர் தனியாக இருப்பது ஆபத்து என்று ஹைமுக்கு எடுத்தார்கள், வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாமியின் சாமிப் படங்கள் இரண்டு பெட்டியில் எங்கள் நிலவறையில் இருக்கின்றன. ஹைமில் விளக்குக் கொளுத்த விடமாட்டார்கள், பற்றரி விளக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் உப்புக் குறைவு, உறைப்பே இல்லை. கோயிலுக்குப் போவதென்றால் யாராவது வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிப்போகவேண்டும், பஸ்சில் தனியாக ஏற அனுமதி இல்லை. சூப்பைக் குடித்து முடித்தால் அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை வந்து தோளில் தட்டி "பிராவ்" என்று சொல்கிறது. உன்னைப் பாலர் பாடசாலையில் இருந்து கூட்டிவரும்போது உன் டீச்சர் சொன்ன அதே சொல், நல்ல பிள்ளை என்று. ஆஸ்பத்திரி வெளுப்பறையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த மனுசன், தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். அங்கே ஒருவரும் கெட்டவர் இல்லை என்பதையும் எழுதவேண்டும். எல்லோரும் நல்ல பிள்ளைகள், சுத்தம், மரியாதை. யாரையாவது திட்டலாம் என்று பார்த்தேன், என்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை.

கோடையில் ஒருநாள் அம்மாவிடமும் சொல்லாமல் இருந்து ஒரு கடிதம் எழுதினேன். தவச்செல்வனைப் பற்றி நான் சொன்னவை பொய், அவர் அப்படிச் சொல்லவில்லை என்று டொச்சில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். தபாலில் போட மூன்று நாள் எடுத்தது. ஒரு அலுவலகத்துக்குப் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் எண்பத்தொன்பதாம் ஆண்டு ஃபைலையும் தூக்கிப் பார்ப்பார்களோ என்று எனக்குப் பயம். பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உங்களை எழுபத்தொரு வயசில நாடு கடத்தி அவங்களுக்கு என்ன லாபம், முதல்லை அந்த மனுசனைப் பாருங்கோ என்று ஏசினாள். போடாமல் வைத்திருந்ததை அவளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

செப்டம்பரில் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு இளம் உத்தியோகத்தர். உண்மையைச் சொன்னதற்கு எனக்கு நன்றி சொன்னார். ஆனால் தவம் அன்றைக்கு எப்படி இருந்தார் என்பதை வைத்துத் தன்னால் முடிவெடுக்க முடியாது, இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்றுதான் பார்க்கவேண்டும் என்றார். அது நியாயம்தானே. ஹைமில் உள்ள சின்னக் குசினிக்குக் கூட்டிப்போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் காட்டச் சொன்னார். தவம் கேத்திலுக்கு முன்னால் போய் நின்றார். கையை நீட்டினார், பிறகு எடுத்தார். "அண்ணை, தொடலாமோ எண்டு இவரைக் கேளுங்கோ" என்றார். ஏழு மாதமாக ஒன்றையும் தொடவிடாமல் வைத்திருந்தவர்களிடம் அவர் வேறு என்ன கேட்பார்? பிறகு மூன்று பேரும் இருந்தோம். தனியாக வாழ உங்களுக்கு விருப்பமா, உங்களால் முடியுமா என்று அந்தத் தம்பி ஆறுதலாகக் கேட்டார். தவம் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நான் என்னெண்டு சொல்லோணும் அண்ணை?" என்று கேட்டார். விசாரணை மேசையில் யார் சொல்லிக் கொடுத்தும் கேளாமல் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் மகள், இரண்டு நிராகரிப்பு வாங்கியும் சொல்லை மாற்றாத ஆள். என்ன சொல்கிறார் என்று உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். வீட்டுக்குப் போக விருப்பமாம், முடியுமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் இனி அவர் வாயில் ஒரு சொல்லும் வைப்பதில்லை என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தேன். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்தத் தம்பி அதை எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. தவம் அங்கேயே இருக்கவேண்டுமாம்.

உன்னிடம் தோற்றுவிட்டேன் என்று எழுதினால் உனக்குச் சந்தோசம் வராது, தெரியும். எல்லாவற்றிலும் நீ சொன்னதுதான் சரி என்றும் நான் எழுதமாட்டேன். அம்மாவின் முழங்காலுக்கு இந்த நாடு செய்ததை ஊரில் யார் செய்வார்கள்? ஆனால் ஒன்றைப் பிழையாக நினைத்துவிட்டேன். நான் செய்யவேண்டிய ஒரு பின்னேர வேலையை அரசாங்கத்திடம் தள்ளிவிட்டால் அது அந்த ஒரு பின்னேரத்தை மட்டும்தான் எடுக்கும் என்று நினைத்தேன். அது தவத்தின் மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. நன்றி கெட்டவள் என்று உன்னைச் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துக்கொள்.

இப்போது உன்னால் ஒரு உதவி வேண்டும். மேன்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது. செய்வோமா என்று அவரிடம் கேட்டேன், ஒஃபிசில சொல்லுறபடி இருப்பம் அண்ணை என்கிறார். நான் எதைக் கேட்டாலும் என் முகத்தில் பதிலைத் தேடுகிறார். எங்கே இருக்க விருப்பம் என்று அவர் தன் வாயால் சொல்லவேண்டும். வீடு என்று சொன்னால் உன் அறையை ஒழித்துக் கொடுக்க அம்மா சம்மதம், கடிதங்களை இந்த முறை நானே வாசிப்பேன். அந்த ஹைமிலேயே இருக்கிறேன் என்று சொன்னாலும் சரி, அது அவர் சொன்னதாக இருக்கட்டும். எங்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் உனக்கு இரவு எட்டு மணி, அவர் அப்போது சாப்பிட்டு முடித்துச் சும்மா இருப்பார். நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வீடியோவில் எடுக்காதே, முகம் தெரியாமல் வெறும் ஃபோனில் எடு. சுகமோ என்று கேட்காதே, அதற்கு ஓம் என்றுதான் வரும். என்ன வேணும் மாமா என்று கேள். உடனே பதில் வராது. எவ்வளவு நேரம் ஆனாலும் நீ இடையில் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல் காத்திரு.

நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் வாழப் பிள்ளையார் துணை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இதை அரசாங்கம் சொல்லவில்லை, அப்பாதான் சொல்கிறேன். முப்பது நாளில் ஐந்து நாள் போய்விட்டது, கடிதம் வந்து சேர இன்னும் பத்து நாளாவது போகும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் ஃபோனுக்குக் காத்திருக்கும் அப்பா
ஸ்ரீஸ்கந்தராஜா