பதினெட்டு டக்

ஜனவரி 8

அன்புள்ள நண்டுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் காப்பிக்கொட்டை அரைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாய். மின்சார கிரைண்டர் சத்தத்தில் மாப்பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறது, கையால் சுற்றுகிற ஒன்றை விலை அதிகமில்லாமல் பார்த்துச் சொல் என்கிறாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறவளுக்கு ஒரு கிரைண்டர் வாங்க அக்கா வேண்டியிருக்கிறது. சரி.

கடையில் மூன்று வகை இருந்தன. கடைக்காரர் மூன்றையுமே புகழ்ந்தார். அதனால் எதையும் நம்பவில்லை. கையோடு கொண்டுபோன கொட்டையை ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரைத்து, தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டேன். “மேடம், நீங்க காப்பி குடிக்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?” என்று கேட்டார். மறுநாள் ஆய்வுக்கூடத்தில், மண் மாதிரிகளைச் சலிக்கிற சல்லடை அடுக்கிலேயே மூன்று தூளையும் சலித்துப் பார்த்தேன். கழுவிவிட்டுத்தான், முகம் சுளிக்காதே.

மிக மலிவானதில் பீங்கான் பல். பாதி மாவாகவும் பாதி கல்லாகவும் அரைக்கிறது. மிக விலையுயர்ந்தது அருமையாக அரைக்கிறது, ஆனால் அந்த விலைக்கு அதுவே காப்பி போட்டு ஆற்றியும் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் நமக்குச் சரி. எஃகுப் பல், மடக்குகிற கைப்பிடி. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுற்றலாம். கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்குச் சத்தமே கேட்கவில்லை. அதையும் சோதித்தேன். உனக்கொன்று, எனக்கொன்று வாங்கிவிட்டேன். உன்னுடையது இந்தக் கடிதத்தோடு வருகிறது.

அடியில் ஒரு வளையம் இருக்கும். முழுக்க இறுக்கினால் பல்லோடு பல் ஒட்டும், அது பூஜ்யம். அங்கிருந்து தளர்த்தத் தளர்த்த டக், டக் என்று கேட்கும். எண்ணிக்கொள். உன் காகித வடிகட்டிக்குப் பதினெட்டு டக். குறைந்தால் தூள் நைசாகி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு வளையத்தைத் தொடவே தேவையில்லை. தண்ணீரில் கழுவாதே, பல் துருப்பிடிக்கும். தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

இன்னொன்று. உன் மாமியார் காலமான பிறகு அவருடைய தூக்க மாத்திரைகள் ஒரு டப்பா நிறைய மிச்சம் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். அதை எதற்கு வீட்டில் வைத்திருக்கிறீர்கள்? வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காப்பி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள நண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிரைண்டர் வந்ததிலிருந்து மாப்பிள்ளையே விடியலில் எழுந்து காப்பி போட்டு, படுக்கைக்கே கொண்டுவந்து தருகிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர்! திருஷ்டி சுற்றிப் போடு என்று சொல்லியிருப்பேன், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இருந்தால்.

ஆனால் நீ பதினெட்டில் வைத்தால் மறுநாள் நாலில் நிற்கிறது என்பதை நம்ப முடியவில்லை. கிரைண்டருக்குக் கால் முளைக்காது. அவர் வளையத்தைத் தொடவே இல்லை என்கிறார், நீயும் தொடவில்லை என்கிறாய். நீதான் மாற்றிவிட்டு மறந்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே நீ மறதிக்காரி. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்.

பத்து மணி வரை எழ முடியவில்லை, கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டேன், தலைமையாசிரியை லீவில் போகச் சொல்லிவிட்டார் என்கிறாய். நம் வயதில் இதெல்லாம் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் அப்பா நமக்கு வைத்துவிட்டுப் போன வீட்டில் உன் பங்கை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதே நினைவில்லை என்பது வேறு விஷயம். ஒரு டாக்டரைப் பார். தள்ளிப் போடாதே.

“அக்கா, மண்ணைச் சலிச்சுச் சலிச்சு நீ மனுஷங்களையும் சலிக்க ஆரம்பிச்சுட்டே” என்று போன முறை வந்தபோது சொன்னாய். இந்த முறை உன்னைத்தான் சலித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 10

என் நண்டு,

இந்தக் கடிதத்தைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பெயருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அவர் கடையிலேயே உட்கார்ந்து படி. படித்ததும் அவரிடமே விட்டுவிடு. மாடிக்கு எடுத்துப்போகாதே.

நீ அவர் மூலமாகப் போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. “நான் ஒரு மாசமா காத்திருக்கேன், நீ ஏன் பதிலே போடலை?” என்று கேட்டிருக்கிறாய். பிப்ரவரியில் போட்டேன், நண்டு. அது உன் கைக்கு வரவில்லை. ஆனால் போன வாரம் மாப்பிள்ளை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்க எழுதினதை டாக்டர்கிட்ட காட்டினேன்க்கா. சொந்த அக்காவே சொல்றாங்களே, சின்ன வயசுலேர்ந்தே மறதின்னு. அவர் ஃபைல்ல வச்சுக்கிட்டார்” என்றார். குரலில் அத்தனை அக்கறை. உன்னிடம் பேச வேண்டும் என்றேன். தூங்குகிறாய் என்றார். பகல் மணி பன்னிரண்டு.

அந்த வரியை எழுதியது என் கை. அதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்கிறேன்.

என் கிரைண்டரையும் பதினெட்டில்தான் வைத்திருக்கிறேன். நேற்று இரவு உன் கடிதத்தைப் படித்த பிறகு அதை எடுத்துக் குலுக்கினேன். தலைகீழாகத் தட்டினேன். மேசையிலிருந்து இரண்டு முறை தரையில் போட்டேன். இன்று பைக்குள் போட்டுப் பேருந்தில் போய்வந்தேன். எண்ணிப் பார்த்தால் பதினெட்டு. அது தானாக நகராது. நீ சொன்னது உண்மை. யாரோ நகர்த்துகிறார்கள்.

நாலு டக்கில் யாரும் காப்பி அரைக்க மாட்டார்கள். வடிகட்டியில் இறங்கவே இறங்காது. நாலில் அரைத்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வரும். பல்லிடுக்கில் வெள்ளைத் தூள் இருந்தது, சோப்புத் தூள் என்று நினைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நீ கழுவுவதே இல்லையே. மாமியாரின் மாத்திரை டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னாராம். கொடுத்ததை நீ பார்த்தாயா?

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்கிறவள் இல்லை நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், தெரிந்துகொள்ளும் வரை காத்திருக்கப் போவதில்லை. சத்தமே வராத கிரைண்டராகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

நாளைக் காலையிலிருந்து அவர் தருகிற காப்பியைக் குடிக்காதே. பால் ஊற்றிக் கொடுத்தாலும், எதிரே நின்று வற்புறுத்தினாலும் ஒரு வாய்க்கு மேல் வேண்டாம். குமட்டுகிறது என்று குளியலறைக்குப் போய்விடு. அந்தக் காப்பியில் கொஞ்சத்தை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து வை. பல்லிடுக்கில் இருக்கும் தூளைத் தூரிகையால் ஒரு காகிதத்தில் தட்டி மடித்துக்கொள். இரண்டையும் தையல்காரம்மாவிடம் கொடு. எங்கள் ஆய்வுக்கூடத்து மாடியில் என் சிநேகிதி இருக்கிறாள், நீ பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தாயே, அவள் பார்த்துச் சொல்லிவிடுவாள். பிறகு பகலில் வழக்கம்போலப் படுத்துக்கொள். கண்ணை மூடிக்கொள். தூங்காதே.

நான் இப்போதே வண்டி ஏறலாம். ஏறி வந்து கத்தினால் அவர் என்னையும் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார். டாக்டரிடம் இருக்கும் என் கடிதத்தை எடுத்துக் காட்டுவார். கையில் ஒன்றுமில்லாமல் பேசினால் உன்னை நம்பாத ஊர் என்னையும் நம்பாது.

இது உன் கைக்குக் கிடைத்து, அந்தப் பாட்டிலும் காகிதமும் தையல்காரம்மாவிடம் சேர்ந்ததும், அவரை எனக்குத் தொலைபேசியில் “துணி தயார்” என்று மட்டும் சொல்லச் சொல். சொன்னதும் வருகிறேன். அதற்கு முன்னால் வீட்டு விலாசத்துக்கு ஒரு சாதாரணக் கடிதம் எழுதுவேன். அதை அவர்தான் முதலில் படிப்பார். நான் வரப்போகிறேன் என்று தெரிந்தால் அவர் கை கொஞ்சம் நிற்கும். அதில் நான் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே. என்னோடு புறப்பட்டு வா, அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். வேலை நெருக்கடியில் அடிக்கடி எழுத முடியவில்லை.

கிரைண்டர் விஷயமாக உன் மேல் பழி போட்டது தவறாகிவிட்டது. கடைக்காரரைப் பார்த்தேன். அந்த வரிசையில் வந்ததில் வளையம் தானாக நகர்ந்துவிடுகிறதாம். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது தருகிறார்கள். கழுவாமல், இருக்கிறபடியே கொண்டுவர வேண்டுமாம். உபயோகித்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். இந்த விலைக்கு இத்தனை சட்டம். அதனால் உன்னையும் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். லீவில்தானே இருக்கிறாய், நாலு நாள் என்னோடு இருந்தால் உடம்பும் தேறும். மாப்பிள்ளை தனியாகச் சமாளிப்பார். இப்போதுதான் அடுப்படி நன்றாகப் பழகிவிட்டதே.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் நான் தைக்கக் கொடுத்த துணி என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வியாழக்கிழமையே தயார் என்று தகவல் வந்திருக்க வேண்டும். இன்று வெள்ளி. நேற்றும் இன்றும் அவருடைய எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. நீ இறங்கிப் போனால் கேட்டுச் சொல். போக முடியாவிட்டால் பரவாயில்லை, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் வரலாம் என்றுதான் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. இந்தக் கூரியர் நாளை வந்துவிடும். நாளை மாலை வண்டி ஏறுகிறேன். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உன் வாசலில் இருப்பேன். பூதக்கண்ணாடியும் கூட வருகிறாள். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமாம்.

மாப்பிள்ளையிடம் சொல்: ஞாயிற்றுக்கிழமை அவர் சீக்கிரம் எழுந்து கஷ்டப்பட வேண்டாம். என் கிரைண்டரை நான் கொண்டு வருகிறேன், கொட்டையும் கொண்டு வருகிறேன். அன்றைக்குக் காப்பியை நான் போடுகிறேன். மூன்று பேருக்கும் நானே ஊற்றித் தருகிறேன்.

அதுவரை நல்லபடியாக இரு, கண்ணே. நான் வரும்போது நீ எழுந்திருந்து கதவைத் திறக்க வேண்டும். நீதான் திறக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அக்கா