சனிக்கிழமை வைத்த எண்ணெய்

என் செல்லத் தம்பி மகேசுவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற மாதம் உன் ஆட்டைத் திவசம். வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுக்கவேண்டும் என்று அச்சுக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் போடத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வெண்பாவும் விருத்தமும் வராது. உன்னோடு கதைக்கத் தெரியும், உன்னை ஏசத் தெரியும். அவ்வளவுதான்.

உன் அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தோராம் நாளுக்கு, பெரியப்பா கல்வெட்டு என்கிற நினைவுப் பாட்டுப் பாடி அச்சடித்தார். எங்கள் ஊர் அளவெட்டியின் பெருமை, அப்பாவின் பெயர், அரசாங்கக் கச்சேரியில் நீ பார்த்த கிளாக்கர் வேலை, நெருப்புக் காய்ச்சல் உன்னை ஒன்பது நாளில் கொண்டுபோனது எல்லாம் அதில் இருந்தன. நீ பிடித்த குத்துச்சண்டை மட்டும் இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அதை விடு பிள்ளை. செத்தவன்ரை பேரை ஏன் கிண்டுவான்?" என்றார். பார்த்தாயா? உன்னைப் புகழ்ந்து பாட வந்தவரே நீ விலைபோனவன் என்றுதான் நம்பியிருக்கிறார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? பத்து வருடத்துக்கு மேலாக ஊரே அப்படித்தானே சொல்கிறது. பட்டினத்து மண்டபத்தில் கயிறு கட்டி மேடை போட்டு, கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த பறங்கி ஒருவனோடு உன்னை மோதவிட்டார்கள். ஆறு சுற்று. எங்கள் பக்கத்திலிருந்து மாட்டுவண்டிகளில் வந்திறங்கி உனக்காகக் கத்தினார்கள். நீ நாலாவது சுற்றில் விழுந்தாய். அடுத்த மாதம் உனக்குக் கச்சேரி வேலை கிடைத்தது. அதற்கான சோதினையை நீ எழுதியது சண்டைக்கு ஆறு மாதம் முந்தி. அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? கச்சேரித் துரைமார் சொல்லித் தோற்றான், வேலையை வாங்கினான் என்று கதை கட்டிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்தச் சண்டையை நான் பார்க்கவில்லை. பெண்பிள்ளைகள் அங்கே போகிற வழக்கம் இல்லையே. ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். முதல் சுற்று உன்னுடையது. அவனுக்குக் கை நீளம். நீ குனிந்து உள்ளே புகுந்து விலாவிலே குத்தினாய். இரண்டாவது சுற்றில் அவனை ஒரு முழங்காலில் இருத்திவிட்டாய். சனம் கதிரைகளில் ஏறி நின்றதாம். மூன்றாவதில் என்ன நடந்தது என்றுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. நீ முழங்கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பின்னால் போனாய். அவன் இல்லாத இடத்தில் குத்தினாய். நாலாவதில் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாய். அவன் இடது கையால் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு வலது கையால் அடித்தான். பத்து எண்ணி முடியும்வரை நீ எழும்பவில்லை.

"கண்ணை மூடிக்கொண்டு நிண்டு வாங்கினானே, இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?" என்று சந்தையில் கேட்டார்கள். நெல்லியடியில் உனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனும் அதைத்தான் கேட்டார். விலைபோகிறவனுக்குப் பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு நீ வேறு பெண் பார்க்கவும் விடவில்லை.

நானும் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? முகம் வீங்கிப்போய் வந்து இருந்தாய். ஒத்தடம் போட்டுக்கொண்டே, ஏனடா தோற்றாய், உண்மையைச் சொல் என்றேன். "அவன் கெட்டிக்காரன், அக்கா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கேட்டாய். உண்மையைச் சொல் என்று நான் கேட்டதே, நானும் உன்னை ஒரு கணம் சந்தேகித்ததால்தான். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சோற்றைக் குழைத்துத் தின்றாய்.

உன் அந்தியேட்டி அன்று செல்லையா அண்ணை வந்தார். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் இங்கே பட்டினத்துக்குப் பக்கத்துக் கொழும்புத்துறையில் கடலுக்குப் போகிறவர், இளமையில் தானும் சண்டை பிடித்தவர். அன்றைக்கு மேடையில் உன் மூலையில் வாளியும் துவாயும் வைத்துக்கொண்டு நின்றவர். சாப்பிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர், என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதைச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. மூண்டாம் சுற்று முடிய அவன் வந்து இருந்தான். கண் ரெண்டும் செக்கச்செவேலெண்டு கிடந்திது. துவாயாலை துடைச்சன். துவாய் முழுக்க வேர்வையோடை நல்லெண்ணெய் மணம். 'எண்ணெய் வைச்சு முழுகினனியோடா?' எண்டு கேட்டன். 'ஓம்' எண்டான். நான் ஒரு விசரன், வாளித் தண்ணியை அவன்ரை தலையிலை ஊத்திப்போட்டன். மிச்ச எண்ணெயும் தலை தேய்ச்ச அரப்பும் சேர்ந்து கண்ணுக்குள்ளை இறங்கிச்சுது."

பிறகு ஏன் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வெளிக்கிட்டன். அவன் என்ரை கையைப் பிடிச்சான். 'அக்காவுக்குத் தெரிய வேண்டாம், அண்ணை' எண்டான். சத்தியம் வாங்கிப்போட்டான்."

மகேசு, அந்தச் சனிக்கிழமைக் காலை என் கண்ணுக்குள் நிற்கிறது. உனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். நம் வீட்டில் ஆண்பிள்ளைகள் சனி முழுக்கைத் தவறவிட்டதே இல்லை. சண்டை நாளில் தவறவிடலாமா? எண்ணெய்ப் போத்தலோடு கிணற்றடியில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். "அக்கா, இண்டைக்கு வேண்டாம். பின்னேரம் சண்டை கிடக்கு" என்றாய். நான் விட்டேனா? சனியனைத் தலையில் வைத்துக்கொண்டா மேடை ஏறப்போகிறாய், அம்மா இருந்திருந்தால் இப்படி மறுத்திருப்பாயா என்று அம்மாவையும் இழுத்தேன். அம்மா செத்த நாளிலிருந்து அந்தப் பேச்சுக்கு நீ மறுபேச்சுப் பேசியதில்லை. பலகையில் வந்து இருந்தாய்.

ஒரு போத்தலில் பாதி வைத்தேன். சூடு தணியட்டும் என்று அரப்பைக் குறைத்துத் தேய்த்தேன். முழுகித் துவட்டிய பிறகும் உச்சியில் இன்னொரு கை வைத்து அழுத்தினேன். கறுத்து மினுங்கிய தலையைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! என் பிள்ளைக்கு நானே கண்ணைக் கட்டி அனுப்பினேன்.

அந்தக் கொழும்புக்காரனையும் குறை சொல்ல ஏலாது. மூன்றாவது சுற்றிலேயே உனக்குக் கண் தெரியவில்லை என்று பிடித்துவிட்டானாம். உன் இடப்பக்கமாகச் சுற்றி வந்து, நீ எங்கே பார்க்கவில்லையோ அங்கே நின்று அடித்தான். அது சண்டைக்காரனின் மூளை. அவன் வென்றது அதனால். நீ தோற்றது என்னால்.

இவ்வளவையும் விட எனக்குத் தாங்கமுடியாதது ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகும் பத்து வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், நான் கூப்பிட்டவுடன் வந்து அந்தப் பலகையில் இருந்தாயே. ஒரு நாளாவது முகம் சுளித்தாயா? கண்ணுக்குள் போகுது, கவனம் என்றாவது சொன்னாயா? என் கை உன் தலையில் இருக்கும்போது உனக்குள் என்ன ஓடியது? சொல்லியிருக்கலாமே, மொக்கா. நான் நாலு நாள் அழுதிருப்பேன், உனக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கும்.

செல்லையா அண்ணை சொன்ன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சிரிப்பாய். சிரி. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். தம்பியில் உள்ள பாசத்தில் பிள்ளை கதை சோடிக்குது என்று பெரியம்மாவிடம் சொன்னாராம். செல்லையா அண்ணையைக் கூட்டிப்போய்ச் சந்தையில் நாலு பேருக்கு முன்னால் சொல்லவைத்தேன். உன் மூலையில் நின்றவர் வேறு எப்படிச் சொல்வார் என்று கேட்டார்கள். அந்த மனிசன் தலையைக் குனிந்துகொண்டு வண்டியேறிப் போனார்.

கடைசியில் நெல்லியடிக்கே போனேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அவள் திருகோணமலையில் புருஷனோடு இருக்கிறாளாம். தகப்பன் பாயோடு பாயாகக் கிடக்கிறார். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெயை, அரப்பை, நான் அம்மாவை இழுத்ததை.

"எந்தச் சண்டை, பிள்ளை?" என்று கேட்டார்.

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உன் பெயரும் அவருக்கு நினைவில் இல்லை. உன் வாழ்க்கையை ஒரு சொல்லால் முடித்த மனிதர் அந்தச் சொல்லையே மறந்துவிட்டார். நான் யாரிடம் போய் வழக்கு வைக்க? வண்டியில் வரும் வழி முழுக்க அழுதேன்.

உலக யுத்தம் முடிந்துவிட்டது, தம்பி. பங்கீட்டுக் கூப்பன் அரிசி இன்னும் முடியவில்லை. நீ குத்திப் பழகிய உமிச் சாக்கு மாமரத்தில் அப்படியே தொங்குகிறது. அணில் ஓட்டை போட்டு உமி கொட்டுகிறது. நான் தைத்துத் தைத்துக் கட்டுகிறேன். ஏன் கட்டுகிறேன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. இந்தப் புத்தகத்தைச் சாப்பாட்டுக்கு வருகிற எல்லோர் கையிலும் கொடுப்பேன். வாசிப்பார்களோ, வெற்றிலை மடித்துக்கொண்டு போவார்களோ, அதுவும் என் கையில் இல்லை.

என் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொரு பிறப்பு இருந்து, அதிலும் நானே உனக்கு மூத்தவளாக வந்தால், நீ கிணற்றடியில் நின்று ஒருக்கால் "வேண்டாம் அக்கா" என்று சொல்லு. இரண்டாம் தரம் சொல்லவேண்டி வராது. போத்தலை மூடி வைத்துவிடுவேன். சனீசுவரன் வந்து முற்றத்தில் நின்றாலும் மூடி வைத்துவிடுவேன். இது சத்தியம்.

அன்றைக்கு உன் சொல் கேளாத,
உன் அக்கா